நெற்றி விளக்கு

நெற்றி விளக்கு (தலை விளக்கு) என்பது பட்டையின் மூலம் நெற்றியிலோ தலைக்கவசத்தின் முன்புறத்திலோ பொருத்தி அணியப்படும் சிறு மின்விளக்கு ஆகும். அணிந்தவர் நோக்கும் திசையிலேயே ஒளி விழுவதும், இரு கைகளும் வேலைக்கு ஒழிவாக இருப்பதும் இதன் சிறப்புகள். சுரங்கத் தொழில், குகை ஆய்வு, மலையேற்றம், மீட்புப் பணி, இரவுநேர வேளாண்மை, வானோக்கல் முதலியவற்றில் இது பயன்படுகிறது. பல நாடுகளில் வேட்டைக்காரர்களும் இதனைப் பயன்படுத்துகின்றனர். இந்தியாவில் காட்டுயிர் வேட்டை சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளது.

நெற்றி விளக்கு பெரும்பாலும் அதன் உச்ச ஒளியளவை (லூமென்) விளம்பரப்படுத்தியே விற்கப்படுகிறது. ஆனால் இரவில் நடப்பவருக்கு முதன்மையாகத் தேவைப்படுவது காலடிக்கு முன்னுள்ள சில மீட்டர் தொலைவைத் தெளிவாகக் காட்டி, விடியும்வரை அணையாது எரியும் விளக்காகும். வேலூர், ஆம்பூர் வட்டாரத்தின் வயல்களையும் மலைகளையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, இவ்விளக்கின் வரலாறு, அமைப்பு, தேர்ந்தெடுக்கும் முறை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயர்

தமிழில் நெற்றி விளக்கு, தலை விளக்கு ஆகிய இரு பெயர்களும் வழங்குகின்றன. பேச்சு வழக்கில் நெத்தி லைட்டு, ஹெட் லைட்டு, தலையில் மாட்டும் டார்ச் லைட் என்றெல்லாம் கூறுவர். ஊர்தியின் முகப்பு விளக்கையும் ‘ஹெட் லைட்’ என்றே அழைப்பதால் குழப்பம் நேராதிருக்க இக்கட்டுரையில் நெற்றி விளக்கு என்னும் சொல்லே ஆளப்படுகிறது.

வரலாறு

சுரங்க விளக்குகள்

நெற்றி விளக்கின் பிறப்பிடம் சுரங்கம் ஆகும். தொடக்கத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் மெழுகுவர்த்தியையும் எண்ணெய் விளக்கையும் தொப்பியில் பொருத்திக்கொண்டனர். தீப்பற்றும் வளிமம் நிறைந்த நிலக்கரிச் சுரங்கங்களில் இவ்வாறு திறந்த சுடரைப் பயன்படுத்தியதால் வெடிவிபத்துகள் நேர்ந்தன. இதனைத் தவிர்க்க ஆம்ப்ரி டேவி 1815 இல் கம்பிவலையால் சுடரை மூடிய காப்பு விளக்கை உருவாக்கினார்.

1892 இல் தாமசு வில்சன் கால்சியம் கார்பைடைப் பெருமளவில் ஆக்கும் வழியைக் கண்டறிந்தார். கார்பைடின் மீது நீர் சொட்டும்போது அசிட்டிலீன் வளிமம் வெளிப்படும். அது வெண்மையான, ஒளிமிக்க சுடருடன் எரியும். 1900 இல் பிரெடரிக் பால்டுவின் இத்தத்துவத்தில் இயங்கும் விளக்கிற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். கார்பைடு விளக்கு சுரங்கங்களிலும் குகைகளிலும் பல பத்தாண்டுகள் நிலைத்தது. 1910களில் தாமசு ஆல்வா எடிசன் உருவாக்கிய மின் விளக்கில் மின்கல அடுக்கு இடுப்பிலும் விளக்கு தொப்பியிலும் இருந்தன. இரண்டையும் ஒரு வடம் இணைத்தது. இன்றைய சுரங்க விளக்குகள் பலவற்றிலும் இந்த அமைப்பைக் காணலாம்.

வேலூர் வட்டாரத்திற்கு மிக அண்மையில் இருந்த பெருஞ்சுரங்கம் கோலார் தங்கவயல் ஆகும். பழைய வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து ஏராளமான தமிழர்கள் அங்கு வேலைக்குச் சென்று குடியேறினர். சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 1902 இல் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. ஏறத்தாழ 3 கி.மீ. ஆழம்வரை சென்ற இச்சுரங்கங்கள் 2001 இல் மூடப்பட்டன.

வேட்டை விளக்குகள்

பாலூட்டிகள் பலவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உள்ளது. மங்கலான வெளிச்சத்தில் பார்ப்பதற்கு இது உதவுகிறது. இருளில் விளக்கொளி படும்போது அவ்விலங்குகளின் கண்கள் மின்னுவதும் இதனாலேயே. ஒளியின் திசையும் பார்வையின் திசையும் ஒன்றாக இருந்தால் மட்டுமே இம்மினுக்கம் நன்கு தெரியும். கையில் தாழ்த்திப் பிடித்த விளக்கைவிட நெற்றியில் அணிந்த விளக்கு வேட்டைக்காரருக்குப் பயன்பட்டதற்கு இதுவே அறிவியல் காரணம். கடும் ஒளி திடீரெனப் படும்போது முயல் போன்ற விலங்குகள் ஓடாமல் சில நொடிகள் அசைவற்று நிற்பதும் உண்டு.

தென்னிந்தியக் காடுகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய வேட்டையாளர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974), மனிதரைக் கொல்லும் விலங்குகளை இரவில் காத்திருந்து சுடுவதற்குத் துப்பாக்கியில் கைவிளக்கைப் பொருத்தியதாகக் குறிப்பிடுகிறார். அவர் எழுதியவற்றுள் ஏலகிரி மலையில் மனிதரைக் கொன்ற சிறுத்தையைப் பற்றிய கதையும் ஒன்று.

எல்.இ.டி. விளக்குகள்

1973 இல் பிரான்சு நாட்டின் பெட்சல் நிறுவனம் விளக்கையும் மின்கலத்தையும் தலையிலேயே தாங்கும் மாதிரியை வெளியிட்டது. அக்காலத்து இழைக் குமிழ்கள் மின்னாற்றலின் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்கின. 1990களின் தொடக்கத்தில் ஒளிமிகு நீல ஒளியுமிழ் இருமுனையம் (எல்.இ.டி.) உருவான பின்னரே வெள்ளொளி தரும் எல்.இ.டி. இயலக்கூடியதாயிற்று. இதற்காக இசாமு அகாசாகி, இரோசி அமானோ, சூச்சி நாக்கமுரா ஆகியோருக்கு 2014 ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 2000 இல் பெட்சல் நிறுவனம் டிக்கா என்னும் எல்.இ.டி. நெற்றி விளக்கை வெளியிட்டது. அதன்பின் நெற்றி விளக்கு எடையிலும் விலையிலும் விரைவாகக் குறைந்து, பொதுமக்களும் வாங்கும் பொருளாயிற்று.

அமைப்பு

ஒரு நெற்றி விளக்கின் முக்கிய பகுதிகள் பின்வருமாறு:

* ஒளிமூலம்: ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட எல்.இ.டி.கள். சிலவற்றில் வெள்ளொளியுடன் சிவப்பொளியும் உண்டு.
* எதிரொளிப்பி அல்லது வில்லை: ஒளியைக் குறுகிய கற்றையாகக் குவிக்கவோ அகலமாகப் பரப்பவோ செய்வது.
* மின்சுற்று: எல்.இ.டி.க்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது. நல்ல சுற்று, மின்கலம் இறங்கும்போதும் ஒளியை ஏறத்தாழ ஒரே அளவில் வைத்திருக்கும். எளிய சுற்றில் தொடக்கம் முதலே ஒளி மங்கிக்கொண்டு வரும்.
* மின்கலம்: கழற்றி மாற்றக்கூடிய கார மின்கலம், நிக்கல்–உலோக ஐதரைடு மின்கலம், அல்லது மின்னேற்றக்கூடிய இலித்தியம்–அயனி மின்கலம்.
* பட்டை: நீட்சியுள்ள துணிப்பட்டை. எடை மிகுந்தவற்றில் உச்சந்தலையின் மேல் செல்லும் இரண்டாம் பட்டையும் இருக்கும்.
* கீல்: விளக்கை மேலும் கீழும் சாய்ப்பதற்கான இணைப்பு.

ஒளியின் அளவுகள்

விளக்குப் பெட்டியின் மீது காணப்படும் எண்களைப் புரிந்துகொள்ள மூன்று அலகுகளை அறிதல் வேண்டும்.

லூமென் என்பது விளக்கு எல்லாத் திசைகளிலும் வெளியிடும் மொத்த ஒளியின் அளவு. கேண்டலா என்பது ஒரு குறிப்பிட்ட திசையில் உள்ள ஒளிச்செறிவு. இலக்சு என்பது ஒரு பரப்பின் மீது வந்து விழும் ஒளியின் அளவு. கேண்டலாவைத் தொலைவின் (மீட்டரில்) இருமடியால் வகுத்தால் இலக்சு கிடைக்கும்.

கைவிளக்கு, நெற்றி விளக்கு ஆகியவற்றை அளவிடுவதற்கு 2009 இல் அமெரிக்காவில் எஃப்.எல். 1 என்னும் தரநிலை வெளியிடப்பட்டது. இத்தரநிலையின்படி, ஒளி 0.25 இலக்சாகக் குறையும் தொலைவே ‘கற்றைத் தொலைவு’ ஆகும். இது ஏறத்தாழ தெளிந்த வானில் முழுநிலவு தரும் வெளிச்சத்திற்குச் சமம். எரியும் நேரம் என்பது தொடக்க ஒளியில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை உள்ள நேரம். ஆகவே ‘10 மணி நேரம்’ என்று குறிக்கப்பட்ட விளக்கு 10 மணி நேரமும் முழு ஒளியுடன் எரியும் என்பது பொருளன்று.

இவ்வளவுகளிலிருந்து இரு முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, தொலைவு கூடக்கூடத் தேவைப்படும் ஒளிச்செறிவு மிக வேகமாகக் கூடும். 100 மீட்டர் கற்றைத் தொலைவிற்கு 2,500 கேண்டலா போதும். 200 மீட்டருக்கு 10,000 கேண்டலாவும், 400 மீட்டருக்கு 40,000 கேண்டலாவும் வேண்டும். தொலைவு இரு மடங்கானால் செறிவு நான்கு மடங்காக வேண்டும்.

இரண்டாவது, நடப்பதற்குத் தேவையான ஒளி மிகக் குறைவு. 50 லூமென் ஒளியை ஏறத்தாழ 65 பாகைக் கூம்பில் சீராகப் பரப்பினால் செறிவு 50 கேண்டலா இருக்கும். 3 மீட்டர் தொலைவில் அது 5.6 இலக்சு. இது முழுநிலவொளியைப் போல் 20 மடங்கிற்கும் மேல். எனவே பாதையைப் பார்த்து நடப்பதற்கு 50 முதல் 100 லூமென் வரை போதுமானதாகும்.

ஆற்றல் கணக்கு

விளம்பரத்தில் கூறப்படும் அளவுகள் இயலக்கூடியவைதானா என்பதை எளிய பெருக்கலால் சோதிக்கலாம். மின்கலத்தின் மின்னழுத்தத்தை (வோல்ட்டு) அதன் கொள்ளளவால் (ஆம்பியர்–மணி) பெருக்கினால் அதில் அடங்கிய ஆற்றல் வாட்–மணியில் கிடைக்கும். பரவலாகப் பயன்படும் 18650 வகை இலித்தியம்–அயனி மின்கலத்தில் 3.7 வோல்ட்டு, 2.6 ஆம்பியர்–மணி எனில் ஆற்றல் ஏறத்தாழ 9.6 வாட்–மணி. நெற்றி விளக்குகளில் ஒரு வாட்டிற்குத் தோராயமாக 100 லூமென் கிடைக்கிறது எனக் கொண்டால் அக்கலம்,

* 50 லூமென் அளவில் ஏறத்தாழ 19 மணி நேரமும்,
* 100 லூமென் அளவில் ஏறத்தாழ 9.6 மணி நேரமும்,
* 500 லூமென் அளவில் 2 மணி நேரத்திற்குக் குறைவாகவும் எரியும்.

ஒற்றை 18650 கலத்துடன் ‘1,000 லூமென், 10 மணி நேரம்’ என எழுதப்பட்டிருந்தால் அதற்கு 100 வாட்–மணி ஆற்றல் தேவை. கலத்தில் இருப்பதோ அதில் பத்தில் ஒரு பங்கு. இரு எண்களும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க இயலாது. இதுபோன்றே, 18650 கலத்தின் மீது ‘9,900 மில்லி ஆம்பியர்–மணி’ என்று அச்சிடப்பட்டிருந்தால் அதனை நம்புதல் கூடாது. இவ்வளவில் நல்ல நிறுவனங்கள் ஆக்கும் கலங்கள் பொதுவாக 2,000 முதல் 3,600 மில்லி ஆம்பியர்–மணி வரையே கொண்டவை.

வேலூர் வட்டாரத்தில் பயன்பாடு

2019 இல் வேலூர் மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளன. பாலாற்றுச் சமவெளியின் தெற்கே ஜவ்வாது மலையும், மேற்கே ஏலகிரி மலையும், வடக்கே ஆந்திர எல்லையை ஒட்டிய காப்புக்காடுகளும் அமைந்துள்ளன.

வயல்

தமிழ்நாட்டில் வேளாண் இறைப்பிகளுக்கான மும்முனை மின்சாரம் நீண்ட காலமாகப் பகலில் சில மணி நேரமும் இரவில் சில மணி நேரமுமாக முறைவைத்து வழங்கப்பட்டு வந்தது. இதனால் இரவில் வயலுக்குச் சென்று இறைப்பியை இயக்குவதும் மடை மாற்றுவதும் உழவரின் வழக்கமான வேலைகளாயின. மண்வெட்டி பிடிக்கும் கைக்கு விளக்கையும் பிடிக்க இயலாது என்பதால் இவ்வேலைக்கு நெற்றி விளக்கு பொருத்தமானது. சத்தியமங்கலம் பகுதியில் விடியுமுன் மல்லிகை பறிப்போரும், கன்னியாகுமரி மாவட்டத்தில் இரப்பர் பால் வடிப்போரும் இதே காரணத்திற்காக இதனை அணிகின்றனர்.

ஆந்திர மாநிலத்தின் கௌண்டின்யா வனவிலங்குக் காப்பகத்திலிருந்து யானைகள் பேரணாம்பட்டு, குடியாத்தம் பகுதிகளின் விளைநிலங்களுக்கு வருவதுண்டு. இங்கு இரவுக்காவல் இருப்போர் யானையின் முகத்தில் ஒளியைப் பாய்ச்சுவதைத் தவிர்த்தல் வேண்டும். ஒளி யானையைச் சினமூட்டக்கூடும். அத்துடன் நெற்றி விளக்கு தன்னை அணிந்தவர் நிற்கும் இடத்தையும் காட்டிக்கொடுக்கும். விளக்கைத் தாழ்த்திக்கொண்டு பின்வாங்கி வனத்துறைக்குத் தெரிவிப்பதே உரிய வழியாகும்.

மலை

ஜவ்வாது மலையின் சிற்றூர்கள் சிலவற்றிற்கு வாகனம் செல்லும் சாலை நெடுங்காலம் இல்லை. 2023 மே மாதத்தில் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தின் அல்லேரி மலைப்பகுதியில் உள்ள அத்திமரத்துக்கொல்லையில், இரவில் வீட்டின் முன் உறங்கிய ஒன்றரை வயதுக் குழந்தை பாம்பு கடித்து உயிரிழந்தது. சாலை இல்லாததால் குழந்தையின் உடலைத் தாய் பல கிலோமீட்டர் சுமந்து நடக்க நேரிட்டது. சாலைக்கும் நச்சுமுறி மருந்துக்கும் எந்த விளக்கும் ஈடாகாது. ஆயினும் இத்தகைய பாதைகளில் இரவில் நோயாளியைத் தூக்கிச் செல்வோருக்கு இரு கைகளையும் ஒழித்துத் தரும் விளக்கு இன்றியமையாததாகும்.

வானோக்கல்

ஜவ்வாது மலையில் ஆலங்காயம் அருகே காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் உள்ளது. இதன் 2.3 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986 இல் பயன்பாட்டிற்கு வந்தது. இருளுக்கு முழுமையாகப் பழகுவதற்கு மனிதக் கண்ணுக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். வெள்ளொளி ஒரு முறை பட்டாலே இப்பழக்கம் கெட்டுவிடும். மங்கலான ஒளியில் பார்க்க உதவும் கோலணுக்கள் ஆழ்ந்த சிவப்பொளிக்கு மிகக் குறைவாகவே தூண்டப்படுவதால், வானோக்குவோர் மங்கிய சிவப்பு விளக்கைப் பயன்படுத்துகின்றனர்.

தோல் தொழிற்சாலை

இயந்திரங்களின் அடிப்பகுதியைப் பழுதுபார்ப்பதற்கு நெற்றி விளக்கு உதவும். ஆனால் கழிவுநீர்த் தொட்டிகள் இதற்கு விலக்கு. அங்கு சேரும் ஐதரசன் சல்பைடு உயிர்கொல்லும் நச்சு வளிமம். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருக்கும்போது சிறு பொறியாலும் வெடிக்கும். பொதுப் பயன்பாட்டு நெற்றி விளக்குகள் பொறியெழாக் காப்புடன் ஆக்கப்படுவதில்லை. விளக்கின் வெளிச்சம் வளிமத்தைக் காட்டவும் காட்டாது. தகுந்த காப்புக் கருவிகளின்றிக் கழிவுநீர்த் தொட்டிகளிலும் சாக்கடைகளிலும் ஆட்களை இறக்கித் துப்புரவு செய்விப்பதை 2013 ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது.

வேட்டையும் சட்டமும்

வெளிநாட்டு விளக்கு நிறுவனங்களின் விளம்பரங்களில் ‘வேட்டைக்கு உகந்தது’ என்னும் தொடர் காணப்படும். இந்தியாவில் இத்தொடருக்கு நடைமுறைப் பொருள் இல்லை.

1972 ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் முதலில் நிறைவேறியபோது, குறிப்பிட்ட சில விலங்குகளை உரிமம் பெற்று வேட்டையாட இடமளித்தது. உரிமம் பெற்றவர்களும் கதிரவன் மறைந்தது முதல் எழுவது வரை வேட்டையாடுவதற்கும், செயற்கை ஒளியைக் கொண்டு வேட்டையாடுவதற்கும் அதன் 17 ஆம் பிரிவு தடை விதித்தது. கொன்றுபோட்ட இரைக்குத் திரும்பும் ஊனுண்ணிகளுக்கு மட்டும் தனி அனுமதியின் பேரில் விலக்கு இருந்தது. 1991 ஆம் ஆண்டின் திருத்தம் இவ்வுரிம முறையையே நீக்கியது. இப்போது 9 ஆம் பிரிவின்படி அட்டவணைகளில் உள்ள காட்டுவிலங்குகளை வேட்டையாடுதல் குற்றமாகும். மனித உயிருக்கோ உடைமைக்கோ கேடு விளைவிக்கும் விலங்கின் மீது 11 ஆம் பிரிவின்படி உரிய அலுவலரின் எழுத்து ஆணையுடன் மட்டுமே நடவடிக்கை எடுக்க இயலும்.

2022 ஆம் ஆண்டின் திருத்தம் (2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது) தண்டத்தொகையை உயர்த்தியது. பொதுவான மீறலுக்கு 3 ஆண்டுவரை சிறையோ, 1 இலட்சம் ரூபாய்வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். முதல் அட்டவணையிலுள்ள விலங்காயின் 3 ஆண்டுக்குக் குறையாத, 7 ஆண்டுவரை நீளக்கூடிய சிறையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத தண்டமும் உண்டு. முயலும் காட்டுப்பன்றியும் பாதுகாக்கப்பட்டவையே. குற்றத்திற்குப் பயன்பட்ட ஆயுதம், வாகனம், கருவி ஆகியவை பறிமுதல் செய்யப்படும்.

வயல் எலிகள் இச்சட்டத்தின் அட்டவணைகளில் இல்லை. வயல்களில் எலி பிடிப்பது தமிழ்நாட்டு இருளர்களின் மரபுத் தொழில்களுள் ஒன்று. இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் 1978 இல் தொடங்கப்பட்டது. செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இயங்கும் இச்சங்கம், அரசு அனுமதியுடன் பாம்புகளைப் பிடித்து நஞ்செடுத்த பின் காட்டில் விடுகிறது. அந்நஞ்சு நச்சுமுறி மருந்து ஆக்குவதற்குப் பயன்படுகிறது.

தமிழ்நாடு வனச் சட்டம், 1882 இன்படி காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதும் குற்றமாகும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றத்திற்குச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னர் மாநில அரசு மலையேற்றத்திற்கு விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் இணையவழி முன்பதிவுடன் 40 மலையேற்றப் பாதைகள் திறக்கப்பட்டன.

தேர்ந்தெடுக்கும் முறை

மேற்கூறியவற்றிலிருந்து, இப்பகுதியில் நெற்றி விளக்கு வாங்குவோர் கருத்தில் கொள்ள வேண்டியவை பின்வருமாறு:

* பரந்த ஒளி: குறுகிய கற்றை மட்டும் உள்ள விளக்கு தொலைவில் ஒரு வட்டத்தைக் காட்டும். காலடி இருளிலேயே இருக்கும். பரந்த ஒளியை முதன்மையாகக் கொண்டு, தேவைப்படும்போது மட்டும் குவிந்த கற்றைக்கு மாற்றக்கூடியதே சிறந்தது.
* தாழ்நிலை ஒளியில் எரியும் நேரம்: உச்ச ஒளியில் அன்றி 50 முதல் 100 லூமென் வரையான நிலையில் எத்தனை மணி நேரம் எரியும் என்பதைப் பார்த்தல் வேண்டும். ஓரிரவுக்கு 10 முதல் 12 மணி நேரம் வேண்டும்.
* மின்கலம்: மின்வசதி உள்ள வீட்டினருக்கு மின்னேற்றக்கூடியது சிக்கனமானது. பல நாள் மலையில் தங்குவோருக்குக் கலத்தைக் கழற்றி மாற்ற இயலும் விளக்கே ஏற்றது. இலித்தியம் கலத்தில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 16046 குறியீடு உள்ளதா எனக் காண்க.
* எடை: இலேசான விளக்கை நெற்றிப் பட்டை ஒன்றே தாங்கும். எடை மிகுந்ததாயின் மின்கலம் தலையின் பின்புறம் அமைந்து, மேற்பட்டையும் உள்ளதைத் தேர்க.
* நீர்க்காப்பு: ஐ.பி.எக்ஸ். 4 எனில் எத்திசையிலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஐ.பி.எக்ஸ். 7 எனில் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். மழைக்கு முன்னதும், மடையிலும் கால்வாயிலும் வேலை செய்வோருக்குப் பின்னதும் தகும்.
* நிறம்: நீலச்சாயல் மிகுந்த ஒளி பளிச்செனத் தோன்றும். ஆனால் காய்ந்த சருகிற்கும் அதன்மேல் கிடக்கும் பழுப்பு நிறப் பாம்பிற்கும் உள்ள வேறுபாட்டைச் சற்று மஞ்சள் கலந்த, நிறங்களை உள்ளவாறு காட்டும் ஒளியிலேயே எளிதாகக் காணலாம்.
* பொத்தான்: ஈரக் கையாலும் இருளிலும் தடவி அறியக்கூடியதாக இருத்தல் வேண்டும். பைக்குள் தானாக எரிந்து தீர்ந்துவிடாதிருக்கப் பூட்டும் வசதி நன்று.

பயன்படுத்தும் முறை

2000 முதல் 2019 வரையான 20 ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், பாம்புக்கடியால் இறந்ததாக 2020 இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயமாக அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் தமிழ்நாட்டில் காணப்படுகின்றன. வயலிலும் பாதையிலும் கடி பெரும்பாலும் காலிலேயே படுகிறது. எனவே விளக்கு தலையில் இருந்தாலும் ஒளி காலடிக்கு முன் விழுமாறு கீலைச் சாய்த்துக்கொள்வது முதன்மையான விதியாகும்.

நெற்றி விளக்கிற்கு ஒரு குறை உண்டு. ஒளி கண்ணருகிலிருந்தே புறப்படுவதால் பொருள்களின் நிழல் அவற்றின் பின்னால் மறைந்துவிடும். நிழல் தெரியாதபோது மேடு பள்ளமும் தரையோடு ஒட்டிக் கிடக்கும் பொருளும் தட்டையாகத் தோன்றும். ஐயம் தோன்றும் இடங்களில் விளக்கைக் கழற்றி இடுப்பளவில் பிடித்தால் நிழல் நீண்டு வடிவம் தெளிவாகும். ஏலகிரி போன்ற இடங்களில் மூடுபனியின்போதும் இவ்வாறே செய்தல் வேண்டும். நெற்றியிலிருந்து செல்லும் ஒளி பனித்துளிகளில் பட்டுக் கண்ணுக்கே திரும்பி, வெண்திரை விரித்தாற்போல் பார்வையை மறைக்கும்.

எதிரில் வருவோருடன் பேசும்போது விளக்கைத் தாழ்த்துதல் அல்லது அணைத்தல் மரியாதையும் பாதுகாப்பும் ஆகும். முழங்கால்வரை மூடிய காலணி, தடி ஆகியவற்றின் தேவையை விளக்கு நீக்குவதில்லை. பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் ஆகியவற்றைச் செய்யாது, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, நச்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லுதல் வேண்டும். 108 என்னும் எண்ணில் அவசர ஊர்தியை அழைக்கலாம்.

பராமரிப்பு

வேலூரில் கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டுவது இயல்பு. வெயிலில் நிறுத்திய வாகனத்தினுள் இலித்தியம்–அயனி கலத்தை வைத்தல் கூடாது. உப்பியதோ நசுங்கியதோ ஆன கலத்தை மீண்டும் மின்னேற்றுதல் தீவிபத்திற்கு வழிவகுக்கும். நெடுநாள் பயன்படுத்தாதபோது கார மின்கலங்களைக் கழற்றி வைத்தால் கசிவினால் தொடுமுனைகள் அரிக்கப்படுவதைத் தவிர்க்கலாம். இலித்தியம் கலத்தைப் பாதியளவு மின்னேற்றி வைப்பது அதன் ஆயுளைக் கூட்டும். வியர்வையேறிய பட்டையைக் கழற்றித் துவைத்து நிழலில் உலர்த்துதல் நன்று. தீர்ந்த கலங்களைக் குப்பையில் எறியாமல் சேகரிப்பு மையங்களில் ஒப்படைக்க வேண்டும் என மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 கூறுகின்றன.

இவற்றையும் பார்க்க

* ஒளியுமிழ் இருமுனையம்
* இலித்தியம்–அயனி மின்கலம்
* வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972
* ஜவ்வாது மலை
* வைணு பாப்பு வானாய்வகம்
* கோலார் தங்கவயல்
* பாம்புக்கடி